கைவிட்டுப் போன ஊர்கள்... கையைவிட்டுப் போகாத அதிகாரம்: மியான்மர் ராணுவம் இன்னும் வீழாதது ஏன்? முழு விளக்கம்

2021, பிப்ரவரி 1. மியான்மர் தலைநகர் நேபிடா. நாடாளுமன்றத்துக்குச் செல்லும் அகலமான சாலை ஓரத்தில் ஓர் உடற்பயிற்சி ஆசிரியை வழக்கம்போல பாட்டைப் போட்டு, ஏரோபிக்ஸ் ஆடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கறுப்பு நிற வாகனங்கள் வரிசையாக நாடாளுமன்றத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாட்டின் ஆட்சி கவிழ்க்கப்படுவதற்கு முன்னால்தான் தான் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

உலகம் முழுக்க வைரலான அந்த வீடியோவுக்கு இப்போது 5 வயது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நடுவில் ராணுவம் நூற்றுக்கணக்கான முகாம்களை இழந்தது. இரண்டு பிராந்தியத் தலைமையகங்களே எதிரிகளின் கைக்குப் போயின. "இன்னும் சில மாதங்கள்தான், ஆட்சி கவிழ்ந்துவிடும்" என்று பேசப்பட்ட காலமும் உண்டு. ஆனால் கவிழவில்லை. அதே ராணுவம், 2025 டிசம்பரிலும் 2026 ஜனவரியிலும் தேர்தலையும் நடத்தி முடித்துவிட்டது.

இவ்வளவு நிலத்தை இழந்த ஒரு ராணுவம் எப்படி ஆட்சியில் நீடிக்கிறது? போராளிகளால் ஏன் தலைநகரை நெருங்க முடியவில்லை? சீனா யார் பக்கம்? எங்கோ நடக்கிற இந்தச் சண்டைக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

அன்று என்ன நடந்தது?

2020 நவம்பரில் மியான்மரில் பொதுத்தேர்தல் நடந்தது. ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் கட்சி 396 இடங்களைப் பிடித்தது. ராணுவ ஆதரவு பெற்ற யு.எஸ்.டி.பி. கட்சிக்குக் கிடைத்தது வெறும் 33. தேர்தலில் பெரிய அளவில் மோசடி நடந்ததாக ராணுவம் குற்றம்சாட்டியது. தேர்தல் ஆணையம் அதை மறுத்தது.

புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள் பிப்ரவரி 1. அன்று விடிவதற்குள் சூகி, அதிபர் வின் மியின்ட் உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். தலைமைத் தளபதி மின் ஆங் ஹலைங் அதிகாரத்தைக் கையில் எடுத்தார். இன்னொரு கணக்கையும் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் அவருக்கு 65 வயது நிறைவடைய இருந்தது. அதாவது, ஓய்வுபெற வேண்டிய வயது.

அதிகாரம்தான் ஏற்கெனவே இருந்ததே, பிறகு ஏன்?

நியாயமான கேள்வி. 2008-ல் ராணுவமே எழுதிய அரசியலமைப்புச் சட்டப்படி, நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடங்கள் ராணுவத்துக்கு. அதற்குத் தேர்தலே கிடையாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று துறைகளின் அமைச்சர்களையும் தளபதிதான் முடிவு செய்வார். அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமென்றால் 75 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு வேண்டும். அதாவது, ராணுவம் தலையசைக்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1948-ல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற பர்மாவில், 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1988-ல் மாணவர்கள் தொடங்கிய கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது. 1990 தேர்தலில் சூகியின் கட்சி ஜெயித்தும் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. 2015-ல்தான் முதல்முறையாக அந்தக் கட்சி ஜெயித்து ஆட்சிக்கும் வந்தது. "நாங்கள் இல்லாவிட்டால் நாடு துண்டு துண்டாகச் சிதறிவிடும்" என்பதுதான் தளபதிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் காரணம்.

அந்த அச்சத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. மியான்மரின் நடுவில் உள்ள சமவெளியில் பெரும்பான்மை பாமர் இனத்தவர். சுற்றியுள்ள மலைகளிலும் எல்லைகளிலும் ஷான், கச்சின், சின், கரேன், ராக்கைன் என்று பல இனத்தவர். 1947 பிப்ரவரியில் பாங்லாங் என்ற ஊரில், சூகியின் தந்தை ஆங் சான், ஷான், கச்சின், சின் தலைவர்களுடன் ஓர் ஒப்பந்தம் போட்டார். எல்லைப் பகுதிகளுக்குத் தன்னாட்சி என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு ஜூலையில் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குறுதி அவரோடு போயிற்று. 1949-ல் கரேன் இனத்தவர் ஆயுதம் ஏந்தினார்கள். அந்தச் சண்டை இன்றுவரை முழுமையாக முடியவில்லை. உலகின் மிக நீண்ட உள்நாட்டுப் போர்களில் ஒன்று அது.

பாத்திரம் தட்டியவர்கள் துப்பாக்கி தூக்கியது எப்படி?

2021-ல் முதலில் கேட்டது பாத்திரச் சத்தம்தான். இரவு 8 மணி ஆனால் போதும், யாங்கூன் நகரில் வீட்டுக்கு வீடு சட்டி, பானை, தட்டு என்று எது கையில் கிடைத்ததோ அதைத் தட்டினார்கள். கெட்ட ஆவியை விரட்ட அங்கே இப்படிச் செய்வது வழக்கம். டாக்டர்கள், ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள் என லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போக மறுத்தார்கள்.

பதிலுக்கு வந்தது குண்டு. நேபிடாவில் ஆர்ப்பாட்டத்தில் நின்ற ஓர் இளம்பெண் தலையில் சுடப்பட்டு, சில நாட்கள் கழித்து மருத்துவமனையில் உயிரிழந்தார். மார்ச் மாதத்துக்குள் பலி நூற்றுக்கணக்கில் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் திருப்பம். ஏப்ரலில், தேர்தலில் ஜெயித்த எம்.பி.க்களும் இனக்குழுப் பிரதிநிதிகளும் சேர்ந்து 'தேசிய ஒற்றுமை அரசு' என்ற போட்டி அரசை அறிவித்தார்கள். மே மாதம் 'மக்கள் பாதுகாப்புப் படை' உருவானது. நகரத்துப் பிள்ளைகள் மலை ஏறினார்கள். பல பத்தாண்டுகளாகக் காட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த கரேன், கச்சின் படைகள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. அதுவரை மலைவாழ் இனங்களின் சண்டையை டி.வி.யில் பார்த்துவந்த பாமர் இளைஞர்களுக்கு, ராணுவத்தின் இன்னொரு முகம் அப்போதுதான் நேரில் தெரிந்தது.

2022 ஜூலையில், முன்னாள் எம்.பி.யும் ஹிப்-ஹாப் பாடகருமான பியோ ஜெயா தாவ், 1988 தலைமுறைப் போராளி கோ ஜிம்மி உள்ளிட்ட 4 பேருக்கு ராணுவம் மரண தண்டனையை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே நிறைவேற்றப்பட்ட முதல் மரண தண்டனைகள் அவை. பேச்சுவார்த்தைக்கான கதவு அத்தோடு சாத்தப்பட்டது.

ஆபரேஷன் 1027: ராணுவத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி

2023 அக்டோபர் 27. மூன்று இனக்குழுப் படைகள் ஒரே நேரத்தில் வடக்கு ஷான் மாநிலத்தில் பாய்ந்தன. கோகாங் இனத்தவரின் எம்.என்.டி.ஏ.ஏ., தாங் இனத்தவரின் டி.என்.எல்.ஏ., ராக்கைன் இனத்தவரின் அராகன் ஆர்மி. 'சகோதரத்துவக் கூட்டணி' என்று பெயர். தாக்குதல் தொடங்கிய தேதியும் மாதமும்தான் ஆபரேஷனின் பெயர்: 10-27.

அடுத்த சில மாதங்களில் நடந்தவை ராணுவமே எதிர்பார்க்காதவை:

* 2024 ஜனவரி: சீன எல்லையை ஒட்டிய லாவ்கை நகரம் வீழ்ந்தது. 2,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் சரணடைந்தனர். அவர்களில் பிரிகேடியர் ஜெனரல்களும் இருந்தனர்.
* 2024 ஆகஸ்ட்: லாஷியோ நகரமும், அங்கிருந்த வடகிழக்குப் பிராந்தியத் தலைமையகமும் போயின. மியான்மர் வரலாற்றில் ஒரு பிராந்தியத் தலைமையகம் எதிரியிடம் வீழ்வது அதுவே முதல்முறை.
* 2024 டிசம்பர்: ராக்கைன் மாநிலத்தில் மேற்குப் பிராந்தியத் தலைமையகம் அராகன் ஆர்மியிடம் வீழ்ந்தது. அதே மாதம் மாங்டா நகரமும் விழ, வங்கதேச எல்லை முழுக்க அந்தப் படையின் கைக்கு வந்தது.

2024 இறுதியில் பிபிசி வெளியிட்ட ஆய்வின்படி, ராணுவம் முழுமையாகக் கட்டுப்படுத்திய நிலப்பரப்பு 21 சதவீதம் மட்டுமே. ராக்கைனில் மொத்தம் உள்ள 17 டவுன்ஷிப்களில் 14 அராகன் ஆர்மியிடம் போய்விட்டன.

இந்த இடத்தில் நின்று பார்த்தால், ராணுவத்தின் கதை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முடியவில்லை. ஏன்? நான்கு காரணங்கள்.

காரணம் 1: தரை போனாலும் வானம் போகவில்லை

போராளிகளிடம் துப்பாக்கி உண்டு, ட்ரோன் உண்டு. போர் விமானம் கிடையாது. ராணுவத்திடம் ரஷ்ய, சீனத் தயாரிப்பு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இருக்கின்றன. ஓர் ஊரைப் போராளிகள் பிடிக்கலாம். ஆனால் அந்த ஊரில் பள்ளிக்கூடம் திறந்து, சந்தை நடத்தி, நிர்வாகம் செய்ய விடாமல் மேலிருந்து அடித்துக்கொண்டே இருக்கலாம். ராணுவம் செய்வது அதைத்தான்.

2023 ஏப்ரலில் சகாயிங் பகுதியின் பாசிஜி கிராமத்தில் ஒரு விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது குண்டு போடப்பட்டதில் 160-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 மார்ச் 28-ல் 7.7 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் சகாயிங், மண்டலே பகுதிகளைப் புரட்டிப்போட்டு, 3,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இடிபாடுகளுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களிலும் வான்வழித் தாக்குதல் நிற்கவில்லை. மே மாதம் ஒரு கிராமப் பள்ளி மீது குண்டு விழுந்து மாணவர்கள் பலியானார்கள். டிசம்பரில் ராக்கைனின் மிராக் யூ நகரில் ஒரு மருத்துவமனை தாக்கப்பட்டு 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

புதிதாக வந்திருக்கும் ஆயுதம் இன்னும் மலிவானது: பாரா மோட்டார். பாராசூட்டில் மோட்டாரைக் கட்டி ஆள் பறந்து வந்து, கையாலேயே குண்டைப் போடுவது. 2025 அக்டோபரில் சவுங் யூ என்ற ஊரில், பௌர்ணமி விழாவையொட்டி மெழுகுவத்தி ஏந்திக் கூடியிருந்தவர்கள் மீது இப்படித்தான் குண்டு போட்டார்கள். 20 பேருக்கு மேல் இறந்தனர்.

காரணம் 2: சீனா போட்ட கோடு

சீனா யார் பக்கம் என்று கேட்டால், தன் பக்கம் என்பதுதான் பதில்.

2023-ல் ஆபரேஷன் 1027 தொடங்கியபோது சீனா பெரிதாகத் தடுக்கவில்லை. காரணம், கோகாங் பகுதியில் இயங்கிய ஆன்லைன் மோசடிக் கூடாரங்கள். சீனக் குடிமக்களையே ஏமாற்றிப் பணம் பறித்த அந்தக் கும்பல்களை ஒடுக்கச் சொல்லியும் மியான்மர் ராணுவம் அசையவில்லை. போராளிகள் ஒடுக்கினார்கள். அதுவரை சரி.

ஆனால் லாஷியோ விழுந்து, அடுத்தது மண்டலேதான் என்ற பேச்சு கிளம்பியதும் பெய்ஜிங் விழித்துக்கொண்டது. ராணுவ ஆட்சி மொத்தமாகச் சரிந்தால் தன் எல்லையில் என்ன வரும் என்பது அதற்குத் தெரியாது. வங்கக் கடலோரம் கியாக்பியுவில் தொடங்கி யுனான் மாகாணம் வரை போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் மியான்மரின் குறுக்கே செல்கின்றன. மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் எரிபொருள் கொண்டுவர சீனாவுக்கு இருக்கும் குறுக்கு வழி அது.

எனவே எல்லைக் கதவுகள் மூடப்பட்டன. போராளிகள் பகுதிக்குப் போகும் எரிபொருள், மருந்து, மின்சாரம் எல்லாம் நெருக்கப்பட்டன. 2025 ஏப்ரலில், சீனப் பிரதிநிதிகளின் மேற்பார்வையில் லாஷியோ நகரம் ராணுவத்திடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ரத்தம் சிந்திப் பிடித்த நகரம், ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல் கைமாறியது. ஆகஸ்டில், மியான்மரின் மிகப் பெரிய இனக்குழுப் படையான வா படையும், சீன நெருக்கடியால் இனி கூட்டாளிகளுக்கு ஆயுதம் தர முடியாது என்று கைவிரித்தது. அக்டோபர் இறுதியில் சீனாவின் குன்மிங் நகரில் நடந்த பேச்சில், மாணிக்கக் கற்களுக்குப் பெயர்போன மோகோக் நகரிலிருந்து விலக டி.என்.எல்.ஏ. சம்மதித்தது.

வடக்கே கச்சின் மாநிலத்தில் கதை கொஞ்சம் வேறு. மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை வரை தேவைப்படும் அரிய மண் தாதுக்கள் அங்கேதான் கிடைக்கின்றன. சீன ஆலைகளுக்கு அவை முக்கியம். அந்தச் சுரங்கப் பகுதிகளை 2024 அக்டோபரில் கச்சின் படை பிடித்தது. அதனால் அவர்களிடம் பேரம் பேச ஒரு பொருள் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது இல்லை.

காரணம் 3: பிடித்து வந்து சீருடை மாட்டுவது

தொடர் தோல்வியில் ராணுவத்தில் ஆள் குறைந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. 18 முதல் 35 வயது ஆண்கள், 18 முதல் 27 வயதுப் பெண்கள் குறைந்தது 2 ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும். மறுத்தால் சிறை.

அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே யாங்கூனில் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் கூட்டம் அலைமோதியது. மண்டலே பாஸ்போர்ட் அலுவலகத்தில் நெரிசலில் சிக்கி 2 பெண்கள் உயிரிழந்தனர். வசதி இருந்தவர்கள் தாய்லாந்துக்குப் போனார்கள். சிலர் காட்டுக்குப் போய்ப் போராளிகளுடன் சேர்ந்தார்கள். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அரைகுறைப் பயிற்சியோடு போர்முனைக்கு அனுப்பப்படும் இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் 2025-ல் ராணுவம் கியாக்மே, சிபாவ் போன்ற ஊர்களைத் திரும்பப் பிடித்தது.

இதில் கொடுமையான முரண் ஒன்று உண்டு. 2017-ல் இதே ராணுவத்தின் தாக்குதலில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினார்கள். குடியுரிமையே தர மறுக்கப்பட்ட அந்த மக்களையும் 2024-ல் பிடித்து வந்து, அராகன் ஆர்மிக்கு எதிராக நிறுத்தியது ராணுவம்.

காரணம் 4: எதிரி ஒருவன், இலக்கு பல

ராணுவத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே அணி என்று நினைத்தால் தவறு. தேசிய ஒற்றுமை அரசுக்கு வேண்டியது கூட்டாட்சி ஜனநாயகம். அராகன் ஆர்மிக்கு வேண்டியது ராக்கைனில் தன் ஆட்சி. கோகாங் படைக்கு வேண்டியது 2009-ல் இழந்த தன் மண். அது கிடைத்ததும் அவர்கள் நின்றுவிட்டார்கள். மண்டலே வரை போய் உயிரைவிட அவர்களுக்கு என்ன அவசியம்?

ராக்கைனில் ரோஹிங்கியாக்கள் அராகன் ஆர்மி மீதும் கொலை, வீடு எரிப்பு என்று கடும் குற்றச்சாட்டுகளை வைக்கிறார்கள். அந்தப் படை மறுக்கிறது. ராணுவத்தை விரட்டிய இடங்களில் அடுத்து வருவது யாருடைய நீதி என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. 1947-ல் பாங்லாங்கில் பாதியில் நின்றுபோன பேச்சு அது.

சரி, தேர்தல் எதற்கு?

2025 ஜூலை 31-ல் அவசரநிலை முடிந்ததாக ராணுவம் அறிவித்தது. டிசம்பர் 28, ஜனவரி 11, ஜனவரி 25 என மூன்று கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. நாட்டில் மொத்தம் 330 டவுன்ஷிப்கள். அதில் 65-ல் தேர்தலே இல்லை. அங்கெல்லாம் ராணுவத்தால் வாக்குப்பெட்டியைக் கொண்டுபோக முடியவில்லை.

போட்டியிட்டவர்கள் யார்? 2020-ல் ஜெயித்த தேசிய ஜனநாயக லீக், மறுபதிவு செய்யவில்லை என்று சொல்லி 2023-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. தேர்தல் நேரத்தில் சூகிக்கு 80 வயது. மொத்தம் 33 ஆண்டுகள் என்று விதித்து, பிறகு 27 ஆகக் குறைத்த தண்டனையில் அப்போது அடைக்கப்பட்டிருந்தார். தேர்தலை விமர்சித்தாலே சிறை என்று தனிச் சட்டம் வந்தது. வாக்களிக்கப் புது மின்னணு இயந்திரம். பழைய வாக்குச்சீட்டு என்றால் கோபத்தில் குறுக்கே கோடு போட்டாவது செல்லாததாக்கலாம். இயந்திரத்தில் அதற்கும் வழியில்லை. முதல் கட்டத்தில் வாக்களித்தவர்கள் பாதிக்குச் சற்று மேல் என்பது அதிகாரிகள் சொன்ன கணக்கு. முடிவு? எதிர்பார்த்தபடியே யு.எஸ்.டி.பி. பெரும் வெற்றி.

உள்நாட்டில் இந்தத் தேர்தலை நம்புபவர்கள் குறைவு. ஆனால் இதன் பார்வையாளர்கள் வெளியே இருக்கிறார்கள். 2021-லிருந்து ஆசியான் உச்சிமாநாடுகளில் மின் ஆங் ஹலைங்குக்கு இடம் கிடையாது. ராணுவத் தளபதியோடு கைகுலுக்கத் தயங்கும் நாடுகள், 'தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு' என்ற பலகை மாட்டிய பிறகு அவ்வளவு தயங்காது. ரஷ்யாவும் சீனாவும் ஏற்கெனவே கம்பளம் விரித்துவிட்டன. 2025 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் நகரில் ஷி ஜின்பிங், பிரதமர் மோடி இருவருமே அவரைச் சந்தித்தனர். அமெரிக்காவோ, ராணுவத்துக்கு நெருக்கமான சிலர் மீதான தடைகளை 2025 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், தன் நாட்டில் தஞ்சமிருந்த மியான்மர் மக்களுக்கான தற்காலிகப் பாதுகாப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது, தேர்தல் திட்டத்தையும் ஒரு காரணமாகக் காட்டியது. தேர்தலால் ராணுவத்துக்கு என்ன லாபம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்தியாவுக்கு என்ன கவலை?

இந்தியாவும் மியான்மரும் 1,643 கி.மீ. எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் என நான்கு மாநிலங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே ரத்த சொந்தங்கள். அதனால்தான் சின் மாநிலத்திலிருந்து தப்பி வந்த 30,000-க்கும் மேற்பட்டோரை, மத்திய அரசின் தயக்கத்தையும் மீறி மிசோரம் மக்கள் தங்கள் ஊர்களில் தங்கவைத்தார்கள். இன்னொரு பக்கம், பாஸ்போர்ட் இல்லாமல் 16 கி.மீ. வரை போய்வர அனுமதித்த ஏற்பாட்டை ரத்து செய்வதாகவும், எல்லை முழுக்க வேலி போடுவதாகவும் 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. மணிப்பூர் கலவரம் இந்த முடிவுக்கு முக்கியக் காரணம்.

பணமும் சிக்கியிருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து கடல் வழியாக ராக்கைனின் சிட்வே, அங்கிருந்து ஆற்று வழியாகப் பலெட்வா, அங்கிருந்து சாலையில் மிசோரம் என்பது இந்தியாவின் காலாதான் திட்டம். சிட்வே துறைமுகத்தை இந்தியா கட்டி முடித்துவிட்டது. துறைமுகம் இருக்கும் ஊர் ராணுவத்திடம். சரக்கு இறங்க வேண்டிய பலெட்வா அராகன் ஆர்மியிடம். ஆக, நேபிடாவிடம் மட்டும் பேசினால் ஒரு லாரிகூட மிசோரம் வந்து சேராது.

தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

சென்னை பாரிமுனைப் பக்கம் போய் பர்மா பஜார் அருகே ஒரு தட்டு அத்தோ சாப்பிட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 1962 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியது. தலைமுறைகளாக ரங்கூனிலும் ஐராவதி டெல்டாவிலும் வாழ்ந்த தமிழர்கள் கையில் எதுவும் இல்லாமல் கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கினார்கள். மோரே நகரில் இன்றும் தமிழ்ச் சங்கமும், அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருப்பது அதனால்தான். எல்லை வர்த்தகத்தை நம்பி வளர்ந்த ஊர் அது. 2021-க்குப் பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் போர், 2023-க்குப் பிறகு இந்தப் பக்கம் மணிப்பூர் கலவரம்.

மோரேயிலிருந்து மியான்மரின் குறுக்கே தாய்லாந்தின் மே சாட் வரை போட வேண்டியதுதான் முத்தரப்பு நெடுஞ்சாலை. அந்தச் சாலையின் மறுமுனையில், மே சாட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது மியாவடி. தமிழ்நாட்டுக்கு இன்னொரு சிக்கல் அங்கிருந்து வருகிறது.

"தாய்லாந்தில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம்" என்று ஆசைகாட்டி அழைத்துப்போய், ஆற்றைக் கடக்கவைத்து, மியாவடியில் உள்ள மோசடிக் கூடாரங்களில் அடைப்பது ஒரு பெரும் தொழில். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போலி முதலீடு, போலிக் காதல் என்று இணையத்தில் ஆட்களை ஏமாற்றவைப்பார்கள். மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. 2022 அக்டோபரில் இப்படிச் சிக்கிய தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்தனர். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அழைத்துவரப்பட்டனர்.

இந்தக் கூடாரங்கள் எப்படிப் பிழைக்கின்றன? அந்தப் பகுதியைக் காவல் காப்பது ராணுவத்துடன் கைகோத்திருந்த ஒரு கரேன் ஆயுதக் குழு. அதன் தலைவர் சா சிட் து மீது அமெரிக்கா 2025 மே மாதம் தடை விதித்தது. அக்டோபரில் கே.கே. பார்க் என்ற மிகப் பெரிய கூடாரத்தில் ராணுவம் சோதனை நடத்தி, கட்டடங்களைத் தகர்க்கும் காட்சிகளை வெளியிட்டது. அங்கிருந்து தப்பிய 1,000-க்கும் மேற்பட்டோர் தாய்லாந்துக்கு ஓடினர். ஆனால் ஆளில்லா எல்லை, சட்டமில்லா ஊர், பணம் தேவைப்படும் ஆயுதக் குழு ஆகிய மூன்றும் இருக்கும்வரை ஓர் இடத்தில் இடித்தால் இன்னோர் இடத்தில் முளைக்கும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வரும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' அழைப்புகளில் பலவும் இத்தகைய தென்கிழக்கு ஆசியக் கூடாரங்களிலிருந்துதான் வருகின்றன என்று இந்திய விசாரணை அமைப்புகள் சொல்கின்றன.

இனி என்ன?

தேர்தல் முடிந்த கையோடு நாடாளுமன்றம் கூட்டி, புதிய அதிபரைத் தேர்ந்தெடுப்பதுதான் ராணுவத்தின் திட்டமாக இருந்தது. சீருடையைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார மின் ஆங் ஹலைங் தயாராகவே இருந்தார். ரோஹிங்கியாக்கள் மீதான குற்றங்களுக்காக அவரைக் கைது செய்ய வாரன்ட் கேட்டு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் 2024 நவம்பரில் வழக்கறிஞர் மனு செய்திருக்கிறார். அதிபர் பதவி என்பது அவருக்கு ஒரு கவசமும்கூட.

ராணுவத்தால் நாட்டை முழுதாக ஆள முடியாது; போராளிகளால் ராணுவத்தை முழுதாக வீழ்த்தவும் முடியாது. இதுதான் இன்றைய நிலவரம். வானத்தில் விமானம் பறக்கும்வரை, சீன எல்லைக் கதவின் சாவி பெய்ஜிங்கிடம் இருக்கும்வரை, கைதான பிள்ளைகளுக்குச் சீருடை மாட்ட ஆள் கிடைக்கும்வரை இந்த நிலை இழுத்துக்கொண்டே போகலாம். பக்கத்து நாடுகள் பலவும் "நிலையான அரசு வேண்டும்" என்று சொல்லி நேபிடாவோடு கைகுலுக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் எல்லையில் அந்த நாடுகள் அன்றாடம் சந்திக்க வேண்டியிருப்பது வேறு ஆட்களை.

நடுவில் இருப்பவர்கள் மக்கள். மியான்மரின் மக்கள்தொகை சுமார் 5.5 கோடி. ஐ.நா. கணக்குப்படி அதில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து நிற்கிறார்கள். 2021-ல் 15 வயதில் பாத்திரம் தட்டிய ஒரு பையனுக்கு இப்போது 20 வயது. ராணுவத்தின் கட்டாயச் சேவைப் பட்டியலில் அவன் பெயர் இருக்கும். ஓட்டுப்போட 18 வயது ஆனபோது, அவன் விரும்பும் கட்சி பட்டியலிலேயே இல்லை.